குற்றத் தொடர்களின் ஈர்ப்பும் இளிவரல் மெய்ப்பாடும்

பெங்களூரு நகரில் அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் இடையே, பழைய சென்னைச் சாலையை ஒட்டி அமைந்த பகுதி ஜோகுபாளையம். 1809 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இந்நகரின் கிழக்கே தம் படைகளுக்குப் பாசறை அமைத்த பின்னர், சென்னைப் படையுடனும் அப்படையைச் சார்ந்து வாழ்ந்த தொழிலாளர், வணிகர் ஆகியோருடனும் தமிழ் இங்கு வந்து சேர்ந்தது. அல்சூர் ஏரிக் கரையை அடுத்து 1950 இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும், பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பிற்குப் பின் 2009 ஆகஸ்டில் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையும் அவ்வரலாற்றின் தொடர்ச்சியே. இப்பகுதியின் தெருக்களில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்து ஒலிக்கின்றன. தமிழை வீட்டில் பேசியும் பள்ளியில் எழுதக் கல்லாத இளைய தலைமுறைக்குத் தமிழ் பெரும்பாலும் செவிவழி மொழியாகவே நிற்கிறது. நூல் எட்டாத இடத்தைத் திரையே எட்டுகிறது.

அண்மை ஆண்டுகளில் அத்திரையில் மிகுந்த ஈர்ப்புப் பெற்ற வடிவங்களுள் ஒன்று, இணையவழி வெளியாகும் குற்றப் புலனாய்வுத் தொடர். வழக்கமான நெடுந்தொடர்களின் ஒப்பனையும் ஒளிவெள்ளமும் இதில் இல்லை. அழுக்கடைந்த காவல் நிலையம், சிதைந்த உடல், களைத்த மனிதர், மழைச் சேறு ஆகியவையே காட்சிக்குப் பொருள்கள். இத்தகைய தொடர் தமிழில் மட்டும் தோன்றவில்லை. சீன மொழியில் 2017 முதல் வெளிவந்த குற்றத் தொடர்கள் உலக அளவில் பார்வையாளரைப் பெற்றன. துன்பத்தையும் இழிவையும் இவ்வளவு நெருங்கிக் காட்டும் ஒரு வடிவம் ஏன் இன்பம் தருகிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா. கொலையாளி யார் என அறியும் ஆவலே இதற்கு விடை என்பது பொதுக் கருத்து. அது போதிய விடையன்று. விடை தெரிந்த பின்னும் இத்தொடர்களை மீண்டும் பார்ப்போர் உளர். அவ்வாறு பார்க்கத் தூண்டுவது எது என்பதை மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு விளக்க இயலும்.

முன்னோடி மரபு

குற்றக் கதை தமிழர்க்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் மலிவுத் தாளில் அச்சாகிச் சந்தைகளிலும் இரயில் வண்டிகளிலும் பாடி விற்கப்பட்ட சிறு நூல்களுள் கொலைச்சிந்து தனி வகையாகவே விளங்கியது. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ எனும் தம் நூலில் இவ்வச்சுப் பண்பாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளார். நடந்த கொலையை ஊர்ப் பெயர், ஆள் பெயர், நாள், கருவி ஆகியவற்றுடன் பாடுவதே கொலைச்சிந்தின் இயல்பு. பாடுவோன் துப்பறிவதில்லை, கொலையாளி யார் என்பது முதலிலேயே கூறப்பட்டுவிடும். எனவே மறைபொருளை அறியும் ஆவல் அங்கு இல்லை. தெரிந்த ஊரில், தெரிந்த உறவுக்குள் இது நிகழ்ந்தது என்பதே கேட்போரைப் பிடித்து நிறுத்தியது.

அதே காலத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் மேலைநாட்டுத் துப்பறியும் கதையைத் தழுவியும் அதன் போக்கில் புனைந்தும் எழுதிய நாவல்கள் இதற்கு மாறான வழியில் சென்றன. அவற்றில் ஊரினும் அறிவாற்றலே தலைமை பெற்றது. இவ்விரு மரபுகளுள் இன்றைய தொடர், நாவலின் உருவத்தைக் கொண்டும் கொலைச்சிந்தின் உயிரைக் கொண்டும் இயங்குகிறது எனலாம்.

1952 ஆம் ஆண்டின் ஆளவந்தார் கொலை வழக்கு இதற்கு நல்ல சான்று. தலையற்ற உடல் பெட்டியில் அடைக்கப்பட்டு இராமேசுவரம் நோக்கிச் சென்ற இரயிலில் கண்டெடுக்கப்பட்டது. தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. கொலையாளியர் விரைவில் பிடிபட்டனர். ஆயினும் அவ்வழக்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மக்கள் நினைவில் நிற்கிறது. விடை தெரிந்த வழக்கு மறக்கப்பட்டிருக்க வேண்டும் எனும் எதிர்பார்ப்பு இங்குப் பொய்த்துவிடுகிறது.

தொலைக்காட்சியில் இம்மரபின் முதற் பெருவெற்றி, 1990களின் பிற்பகுதியில் ஒளிபரப்பான ‘மர்மதேசம்’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த இத்தொடர் வரிசையில் ‘விடாது கருப்பு’ சிறப்பிடம் பெற்றது. கருப்பசாமி தண்டித்தார் என ஊர் நம்பிய சாவுகளுக்கு இறுதியில் மனநோய் காரணம் என விளக்கப்பட்டது. ஆயினும் பார்த்தோர் நினைவில் நின்றது அவ்விளக்கமன்று. இரவில் ஒலிக்கும் குதிரைக் குளம்பொலியும் ஊர் எல்லையுமே நின்றன. பகுத்தறிவு முடிவுரைக்கு ஒதுக்கப்பட்டது. அச்சமோ கதை முழுமைக்கும் உரியதாயிற்று. அன்றைய தொலைக்காட்சி வாரம் ஒருநாள் மட்டுமே ஒரு பகுதியைத் தந்தது என்பதையும் கருத வேண்டும். இடைப்பட்ட ஆறு நாள்களில் கதை தெருவிலும் பள்ளியிலும் பேசப்பட்டு வளர்ந்தது. ஒரே நாளில் எல்லாப் பகுதிகளையும் வெளியிடும் இணையவழித் தொடர் அவ்வாய்ப்பை இழந்துவிட்டது.

அச்சமும் இளிவரலும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளையும், ஒவ்வொன்றும் பிறக்கும் நந்நான்கு நிலைக்களன்களையும் கூறுகிறது. அச்சத்திற்குரியவை நான்கு: அணங்காகிய தெய்வம் முதலியன, கொடிய விலங்கு, கள்வர், ஆளும் தலைமை. குற்றத் தொடர் என இன்று வழங்கும் வடிவம் இந்நான்கனுள் அடங்கிவிடுவதைக் காணலாம். ‘விடாது கருப்பு’ அணங்கின்பாற்பட்டது. கொலையாளியைத் தேடும் கதை கள்வரின்பாற்பட்டது. காவலரின் கொடுமையைப் பேசுவது தலைமையின்பாற்பட்டது. காப்போனும் கள்வனும் ஒரே அச்சத்தின் இரு நிலைக்களன்களாக அருகருகே வைக்கப்பட்டமை, இலக்கண ஆசிரியரின் உலகியல் நோக்கைப் புலப்படுத்துகிறது.

வெகுளிக்குரிய நிலைக்களன்களும் குற்றத் தொடருக்கு நெருக்கமானவையே. உறுப்பைச் சிதைத்தல், குடியைக் கெடுத்தல், துன்புறுத்தல், கொல்லுதல் ஆகியவை அங்குச் சுட்டப்படுகின்றன. ஒரு கொலை வழக்கின் குற்றப்பத்திரிகையைப் போன்றே இப்பட்டியல் அமைந்திருக்கிறது.

ஆயினும் அச்சமும் வெகுளியும் விரைவில் தணிவன. பல மணி நேரம் ஒருவரை அமர்த்தி வைக்க அவை போதா. அவ்வேலையைச் செய்வது இளிவரல் என்பதே இக்கட்டுரையின் கருத்து. வடமொழி நாட்டிய நூல் பீபத்சம் எனும் சுவைக்குக் குருதி, குடர் போன்றவற்றையும் அருவருப்பான பிற காட்சிகளையும் காரணமாகக் காட்டுகிறது. தொல்காப்பியமோ முதுமை, நோய், துன்பம், மென்மை ஆகிய நான்கினைக் கூறுகிறது. மென்மை என்பதை எளிமை, வலியின்மை, வறுமை எனும் பொருள்களில் கொள்ளலாம். இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு பெரிது. குருதியைக் கண்டு அடையும் அருவருப்பு, காண்போனைக் காட்சியிலிருந்து விலக்குகிறது. முதுமையிலும் நோயிலும் தோன்றும் இளிவரலோ காண்போனைக் காட்சியுடன் பிணைக்கிறது. அது தனக்கும் வரக்கூடியது. மெய்ப்பாடு தன்னிடத்தும் தோன்றும், பிறரிடத்தும் தோன்றும் என உரையாசிரியர்கள் பகுத்தமை இங்குப் பொருந்துவதாகும். கடுமையான குற்றத் தொடர் என நாம் பாராட்டுவது பீபத்சத்தை விட்டு இளிவரலை நாடும் தொடரையே. இவ்வளவுகோலைக் கொண்டு சில தொடர்களை மதிப்பிடலாம்.

‘விலங்கு’

பிரசாந்த் பாண்டியராஜ் எழுதி இயக்கி 2022 பிப்ரவரியில் ஏழு பகுதிகளாக வெளியான ‘விலங்கு’ திருச்சிப் பகுதியில் உள்ள ஒரு காவல் நிலையத்தைக் களமாகக் கொண்டது. பெயரே இருபொருள் தருவது: கையில் பூட்டுவதும் விலங்கு, காட்டில் திரிவதும் விலங்கு. விமல் ஏற்ற உதவி ஆய்வாளர் பரிதி, கருவுற்ற மனைவியின் பொருட்டு வீட்டிற்கும், அடையாளம் தெரியாத ஒரு சடலத்தின் பொருட்டு நிலையத்திற்கும் இடையே அலைகிறார். சடலத்தின் தலை காணாமற் போகிறது. ஆளவந்தார் வழக்கில் உடலைத் தொடர்ந்து தலை தேடப்பட்டது. இங்கோ காவலரின் பொறுப்பில் இருந்த தலையே தொலைகிறது. முந்தையதில் கள்வனின் திறமையும் பிந்தையதில் காப்போனின் திறமையின்மையும் கதையை நகர்த்துகின்றன.

தொடரின் வலிமை அதன் மொழியில் உள்ளது. காவலர்களின் பேச்சு நூல்வழக்கும் அன்று, சென்னைத் திரைப்பட வழக்கும் அன்று. திருச்சி வட்டாரத்துச் சிற்றூர்ப் பேச்சு. கேலி, சலிப்பு, மேலதிகாரியிடம் பணிவு, கைதியிடம் அதட்டல் ஆகிய நான்கும் ஒரே வாயிலிருந்து நொடிக்கு நொடி மாறி வருகின்றன. ஜோகுபாளையம் போன்ற இடங்களில் மூன்று நான்கு தலைமுறைகளாக நகரத் தமிழே பேசி வரும் ஒருவருக்கு இப்பேச்சு அயலும் உறவுமாக ஒருங்கே ஒலிக்கும். பாட்டியின் பேச்சில் கேட்ட சொல் காவலரின் வாயில் வருகிறது. சொந்த ஊர் என ஒன்றைப் பெயரளவில் மட்டும் அறிந்தவருக்கு ஊரைக் காட்டும் திரைப்படங்கள் பல உண்டு. அவை திருவிழாவையும் வயலையும் காட்டுவன. குற்றத் தொடர் காட்டும் ஊரோ மன்னிப்புப் பெறாத ஊர். ஏன் அவ்வூரை விட்டு முன்னோர் வெளியேறினர் எனும் வினாவிற்கு அழகிய ஊர்ப்படங்கள் விடை கூறா.

இத்தொடரில் ஐயத்தின் பேரில் கொண்டுவரப்படும் எளிய மனிதன் ஒருவன் இடம்பெறுகிறான். அவன் பெயரை இங்குச் சுட்டுவது இனிக் காண்போருக்கு இடையூறாகும். அவன் தளர்ந்த நடையும் பணிந்த பேச்சும் அடிவாங்கும் உடலும் காவலரின் இரக்கத்தைப் பெறுகின்றன. காண்போரின் இரக்கத்தையும் பெறுகின்றன. துன்பமும் மென்மையுமாகிய இரு நிலைக்களன்களும் அவனிடத்து முழுமையாக அமைந்துள்ளன. பின்னர் உண்மை வெளிப்படும்போது அதிர்ச்சி தருவது கொலை அன்று. தம் இரக்கமே தம்மை ஏமாற்றியது எனும் உணர்வு. இளிவரலை மறைவிடமாகப் பயன்படுத்திய இவ்வுத்தி தமிழ்த் தொடர்களில் அரிது. அப்பாத்திரத்தை ஏற்ற நடிகர் ஒருவரே தொடரின் பாதிச் சுமையைத் தாங்குகிறார்.

ஆனால் இதே உத்தி ஒரு கடுமையான வினாவையும் எழுப்புகிறது. அடிபட்டவன் குற்றவாளியே என முடிவில் நிறுவப்படுவதால், முன்னர்க் காட்டப்பட்ட அடியும் உதையும் பின்னோக்கி நியாயம் பெற்றுவிடுகின்றன. 2020 ஜூன் திங்களில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் துன்புறுத்தலுக்குப் பின் இறந்தனர். அந்நிகழ்வு நாட்டையே உலுக்கி இரண்டாண்டு நிறைவதற்குள் வெளியான தொடர் ‘விலங்கு’. விசாரணை அறைக் காட்சிகளில் நகைச்சுவை இழையோடுகிறது. காவலரின் களைப்பு நம் களைப்பாகிறது. கைதியின் வலி கதையின் தேவையாகிறது. மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவலை அடியொற்றி வெற்றிமாறன் இயக்கிய ‘விசாரணை’ திரைப்படம் கைதியின் பக்கம் நின்று அதே அறையைக் காட்டியது. அங்கு அச்சத்தின் நிலைக்களன் தலைமை. இங்கு அதே தலைமை காண்போரின் தோழன். தொடரின் ஈர்ப்பில் ஒரு பகுதி இத்தோழமையிலிருந்து வருகிறது என்பதை மறைத்தல் திறனாய்விற்கு அழகன்று.

சீனத் தொடர்கள்

சீனாவில் குற்றத் தொடர் வளர்ந்த சூழல் வேறு. 2004 ஆம் ஆண்டில் அந்நாட்டு ஒலி ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு, குற்ற வழக்குத் தொடர்களை மாலை ஏழு மணி முதல் பதினொரு மணி வரையான முதன்மை நேரத்தில் ஒளிபரப்பக் கூடாதென ஆணையிட்டது. அதனால் அவ்வகை தொலைக்காட்சியில் ஏறத்தாழ மறைந்து, பின்னர் இணையத்தின் வழியே மீண்டும் தலையெடுத்தது. இணையத்திலும் தணிக்கை உண்டு. காவல்துறை இழிவாகக் காட்டப்படலாகாது. குற்றவாளி தண்டனை பெறாது தப்பலாகாது. இந்தியாவில் 2021 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையத் தொடர்களுக்கு வயது வகைப்பாட்டையும் முறையீட்டு ஏற்பாட்டையும் வகுத்தனவேயன்றி, திரைப்படத்திற்கு உள்ளதுபோன்ற முன்தணிக்கையைக் கொண்டுவரவில்லை. உரிமை மிகுந்த இடத்தில் குருதி மிகுந்தது. கட்டுப்பாடு மிகுந்த இடத்தில் இளிவரல் வளர்ந்தது. இதனைக் கட்டுப்பாட்டிற்குப் புகழ்மாலையாகக் கொள்ளலாகாது. காவலரைக் குறைகூற இயலாத நிலையில், சீனப் படைப்பாளர் குற்றத்தின் காரணத்தைக் குடும்பத்திலும் தொழிற்சாலையிலும் தேடினர். அத்தேடல் அவர்களை வேறோர் ஆழத்திற்கு இட்டுச் சென்றது என்பது மட்டுமே இங்குக் கூறத்தக்கது.

2020 ஜூனில் ஐச்சியி தளத்தில் பன்னிரண்டு பகுதிகளாக வெளிவந்த ‘மறைந்த மூலை’ எனும் தொடர், ஸி ஜின்சென் எழுதிய நாவலைத் தழுவியது. சின் சுவாங் இயக்கியது. மலை உச்சியில் ஒருவன் தன் மாமனார் மாமியாரைப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறான். கீழே விளையாடிக்கொண்டிருந்த மூன்று சிறார்களின் படக்கருவியில் அக்காட்சி தற்செயலாகப் பதிவாகிறது. சிறார்கள் காவல் நிலையம் செல்லவில்லை. அவர்களுள் ஒருத்தியின் தம்பிக்கு இரத்தப் புற்றுநோய். மருத்துவத்திற்குப் பணம் வேண்டும். கொலையாளியிடமே பணம் கேட்கின்றனர். கொலை முதற் பகுதியின் தொடக்கத்திலேயே காட்டப்பட்டுவிடுகிறது; கொலைச்சிந்தைப் போல இங்கும் மறைபொருள் இல்லை. கொலையாளி கணித ஆசிரியன். மனைவியின் வீட்டில் மதிப்பிழந்து வாழும் மருமகன். வழுக்கையை மறைக்கப் பொய்முடி அணிபவன். கண்ணாடி முன் நின்று அவன் அம்முடியைக் கழற்றும் காட்சியில் குருதி ஒரு துளியும் இல்லை. ஆயினும் அத்தொடரில் அதனினும் நடுக்கம் தரும் காட்சி குறைவு. கொலையாளியினும் அஞ்சத்தக்கவனாக வகுப்பின் முதல் மாணவன் மெல்ல மாறுவதும், தந்தையின் அன்பைப் பெறாத பிள்ளையின் அமைதி இருளாகத் திரிவதும் தொடரின் உண்மையான கதையாகும்.

இத்தொடர் வெளிவந்த அதே ஜூன் திங்களில்தான் கல்வான் பள்ளத்தாக்கில் இருநாட்டுப் படைகளும் மோதின. திங்கள் இறுதியில் இந்திய அரசு சீனச் செயலிகள் பலவற்றைத் தடை செய்தது. இந்தியப் பார்வையாளர் சீனத் தொடர்களை அடையும் நேர்வழிகள் அதனால் குறுகின. எல்லையின் இருபுறமும் ஒரே வகைத் தொடர் ஒரே காலத்தில் வளர்ந்தும் ஒன்றையொன்று அறியாது போனமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இதே இயக்குநர் 2023 இல் தந்த ‘நீண்ட பருவம்’ இவ்வகையின் உச்சம் எனத் தயங்காது கூறலாம். களம் வடகிழக்குச் சீனாவின் ஹுவாலின் எனும் கற்பனை ஊர். அங்கு ஓர் உருக்கு ஆலை. கதை 1997, 1998, 2016 ஆகிய மூன்று காலங்களில் பின்னிச் செல்கிறது. ஃபான் வெய் ஏற்ற வாங் சியாங், ஆலையின் சரக்கு இரயிலை ஓட்டுபவர். ஆலையையும் தம்மையும் வேறாக எண்ணாதவர். 1998 இல் ஊரில் ஒரு பெண்ணின் உடல் துண்டங்களாகக் கிடைக்கிறது. அவ்வாண்டிலேயே அவர் மகன் இறக்கிறான். ஆலை ஆட்குறைப்பும் தொடங்குகிறது. 2016 இல் அவர் வாடகை வண்டி ஓட்டும் முதியவர். போலி எண் பொருத்திய ஒரு வண்டி அவரைப் பதினெட்டு ஆண்டுப் பழைய வழக்கிற்கு இழுத்துச் செல்கிறது. உடன் வருவோர் இருவர்: ஆலை அலுவலகத்தின் படித்த இளைஞராயிருந்து பின்னர் உடல் பருத்து நோயுற்ற உறவினர் கோங் பியாவ், வழக்கை முடிக்க இயலாது பணியை விட்டு, முதியோருடன் நடனம் ஆடிப் பொழுதுபோக்கும் முன்னாள் காவல் அதிகாரி மா தெஷெங்.

முதுமை, நோய், துன்பம், மென்மை என்னும் நான்கு நிலைக்களன்களுக்கும் உரை எழுதப் புகுந்தவர் போல இயக்குநர் இம்மூவரையும் படைத்திருக்கிறார். அவர்கள் துப்பறியும் முறை நகைப்பிற்குரியது. மூச்சு வாங்குகிறது, நினைவு தடுமாறுகிறது, சண்டையில் தோற்கின்றனர். நகைச்சுவையும் இளிவரலும் இங்குப் பிரிக்க இயலாதவாறு கலந்துள்ளன. நகை பிறக்கும் களன்களுள் பேதைமையும் எள்ளலும் அடங்கும் எனும் இலக்கண விதியை நினைந்தால் இக்கலப்பு வியப்பளிக்காது. மகனைக் கொன்றது யார் எனும் வினா இறுதிவரை நீடித்தாலும், பார்வையாளரின் ஆவல் வேறொன்றின் மேல் நிற்கிறது: இம்முதியவர் இதனை அறிந்தபின் எவ்வாறு உயிர்வாழ்வார்?

தொடர் முழுவதும் இளவேனிலின் ஒளி போன்ற இலையுதிர்காலப் பொன்னொளி நிறைந்துள்ளது. வடகிழக்கின் கடுங்குளிரைக் காட்டும் வழக்கமான படங்களுக்கு இது மாறானது. படப்பிடிப்பு பெரும்பாலும் தென்மேற்கே யுன்னான் மாநிலத்தில் நிகழ்ந்தது. இருளில் நிகழ வேண்டிய கதையை வெயிலில் நிகழ்த்தியமை ஆழ்ந்த தேர்வு. முதற்பொருளாகிய பொழுதை மாற்றினால் உரிப்பொருளும் மாறும் என்பதை அகத்திணை இலக்கணம் அறிந்தோர் எளிதில் உணர்வர். சீனாவில் 1990களின் இறுதியில் தொடங்கிய அரசு ஆலைச் சீரமைப்பில் வேலையிழந்தோர் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர். அப்பேரிழப்பை அரசியல் சொற்களில் பேசுதல் அங்கு எளிதன்று. ஒரு கொலை வழக்கின் மறைவில் அது பேசப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு பெண்ணின் உடல் தேடப்படுகிறது. உண்மையில் தேடப்படுவது ஓர் ஊரின் உடல்.

‘சுழல்’ தொடரும் ஓர் ஆலையும்

தமிழிலும் ஆலையில் தொடங்கும் தொடர் ஒன்று உண்டு. புஷ்கர், காயத்ரி இணையர் எழுதி, பிரம்மாவும் அனுசரணும் நந்நான்கு பகுதிகளாக இயக்கி 2022 ஜூனில் வெளியான ‘சுழல்’ சாம்பலூர் எனும் கற்பனை மலையூரை அமைத்துக்கொள்கிறது. வேலைநிறுத்தம் நிகழும் சிமெண்ட் ஆலை ஓரிரவில் எரிகிறது. அவ்விரவிலேயே தொழிற்சங்கத் தலைவரின் இளைய மகள் காணாமற் போகிறாள். பார்த்திபன், ஸ்ரேயா ரெட்டி, கதிர், ஐஸ்வர்யா ராஜேஷ் ஆகியோரின் நடிப்பு குறை கூறற்கரியது. மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாள்கள் கதையின் நாள்களாகின்றன. வேடமும் கூத்தும் ஊர்வலமும் குற்றத்தைச் சூழ்ந்து சுழல்கின்றன.

மயானக் கொள்ளை வட தமிழகத்திற்குரியது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மாசித் திங்கள் சிவராத்திரியை அடுத்து நிகழும் விழா அதன் மூலவடிவம். அதனை நீலகிரிச் சாயல் கொண்ட மலையூருக்குப் பெயர்த்தமை ஆய்வாளர் சிலருக்கு உறுத்தலாம். புனைவிற்கு அவ்வுரிமை உண்டு. உறுத்த வேண்டியது வேறு. எரிந்த ஆலையின் தொழிலாளர்கள் எங்குச் சென்றனர்? முதற் பகுதியில் தெருவில் நின்று முழங்கிய அவர்கள், தீ காப்புறுதிப் புலனாய்வாகச் சுருங்கியதும் பின்னணிக்குத் தள்ளப்படுகின்றனர். கதை வீட்டிற்குள் திரும்புகிறது. குழந்தைப் பருவத்தில் நெருங்கிய உறவினனால் நிகழ்ந்த கொடுமையில் குற்றத்தின் வேர் கண்டறியப்படுகிறது. பேசத் தயங்கும் ஒன்றைப் பேசிய துணிவிற்காகத் தொடர் பாராட்டிற்குரியது. அத்துணிவு ஆலையையும் வீட்டையும் இணைத்துப் பார்க்கும் அளவிற்கு நீளவில்லை. சீனத் தொடர் ஆலையை ஒருபோதும் விட்டு வெளியேறவில்லை. தமிழ்த் தொடருக்கு ஆலை ஒரு தீப்பந்தம் மட்டுமே.

2025 பிப்ரவரியில் வெளியான இரண்டாம் பருவம் காளிப்பட்டினம் எனும் கடற்கரை ஊருக்குச் சென்றது. ஒரு வழக்கறிஞரின் கொலையைத் தாமே செய்ததாக எட்டு இளம்பெண்கள் தனித்தனியே ஒப்புக்கொள்வது அதன் முடிச்சு. முடிச்சு புதியது. ஆனால் திருவிழா, ஊர், புதிர் எனும் அச்சு அதுவே. வெற்றி பெற்ற அச்சு ஒன்றில் வார்க்கப்படும் பொருள் விரைவில் மெலிவடையும் என்பதற்கு மர்மதேசத்தின் பின்னாளைய வழித்தோன்றல்களே சான்று.

பழைய சென்னைச் சாலை

ஜோகுபாளையத்திற்குத் திரும்புவோம். அப்பகுதியை ஒட்டிச் செல்லும் பழைய சென்னைச் சாலையில் கிழக்கே சென்றால் பையப்பனஹள்ளி வரும். அங்கு மின்பொறிகள் செய்த அரசு நிறுவனமாகிய என்.ஜி.இ.எஃப். ஆலை இயங்கி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. மேலும் கிழக்கே அதே சாலையில், 1948 இல் தொடங்கிய தொலைபேசித் தொழிற்சாலையைச் சுற்றித் தூரவாணி நகர் எழுந்தது. நகரின் வடக்கே கைக்கடிகாரம் செய்த எச்.எம்.டி. நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட 2016 இல் நடுவண் அரசு முடிவெடுத்தது. தகவல் தொழில்நுட்ப நகரம் எனப் புகழ்பெறுவதற்கு முன் பெங்களூரு ஆலைகளின் நகரமாக இருந்தது. சங்கொலிக்கு எழுந்து சீருடை அணிந்து மிதிவண்டியில் சென்ற தலைமுறையில் தமிழரும் பெருந்தொகையினர்.

அச்சாலை மேலும் கிழக்கே கோலார் நோக்கிச் செல்கிறது. கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் கீழ் வளர்ந்தவை. அவற்றில் இறங்கி உழைத்தோருள் பெரும்பகுதியினர் வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு கலந்த மண்மேடுகளும் வரிசை வீடுகளும் எஞ்சின. அதன் பின்னர் அவ்வூரார் நாள்தோறும் விடியற்காலையில் இரயிலேறிப் பெங்களூருவிற்கு வேலைக்கு வந்து இரவில் திரும்பும் வாழ்க்கைக்குப் பழகினர். ஹுவாலின் எனும் கற்பனை ஊருக்கு நிகரான உண்மை ஊரைத் தேடுவோர் இவ்விரயிலில் ஏறினாற் போதும்.

திரைக்கலை இவ்வூரை அறியாததன்று. பிரசாந்த் நீல் இயக்கிய கன்னடத் திரைப்படங்கள் இரண்டு, 2018 இலும் 2022 இலும், அதன் பெயரையே தலைப்பாகக் கொண்டு உலகெங்கும் ஓடின. அவற்றில் சுரங்கம் ஒரு தனிவீரனின் அரங்கம்; உழைப்போர் அவன் பெயரை முழங்கும் கூட்டம். பெருமிதம் ஒன்றே மெய்ப்பாடு. பா. இரஞ்சித் இயக்கி 2024 இல் வந்த ‘தங்கலான்’ சுரங்கத்தின் தொடக்கத்தைத் தொன்மமாக்கியது. அங்குத் தலைமை பெற்றவை மருட்கையும் அணங்கும். தோற்றம் பாடப்பட்டது, வீரம் பாடப்பட்டது. மூடப்பட்ட பின் அங்கு முதுமையுற்றோரின் கதை, நுரையீரல் நோயுடன் வரிசை வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்போரின் கதை, தொடராக எடுக்கப்படவில்லை.

அவ்வாறு ஒன்று எடுக்கப்படுமாயின் அதற்குத் துப்பறிவாளரைத் தேட வேண்டியதில்லை. மூடிய சுரங்கத்தின் காவலராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், இரயிலில் நாள்தோறும் பெங்களூருவிற்கு வந்து அடுக்குமாடி ஒன்றின் வாயிலில் இரவுக் காவல் இருக்கும் அவர் மகன், ஜோகுபாளையத்தில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கும் உறவினர் ஒருவர் ஆகிய மூவர் போதும். பேச வேண்டிய தமிழ் திருச்சித் தமிழும் அன்று, சென்னைத் தமிழும் அன்று. கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலச் சுரங்கச் சொற்களும் ஊறிய தங்கவயல் தமிழ். அம்மொழியில் எழுத வல்லோர் அவ்வூரிலேயே உளர்.